தவ்லத் மகன்

மக்னஸா அடித்த வாரத்தில்தான் இந்தக் கூத்தெல்லாம் நடந்தது. மக்னஸா என்றால் துடைப்பம். நவம்பர் நடுவில் வருகிற அந்தப் புயலுக்கு எங்கள் அலெக்சாந்திரியாவில் அப்படித்தான் பெயர். வானத்தையும் கடலையும் ஒரு பெருக்குப் பெருக்கிவிட்டுத்தான் போகும். அன்ஃபூஷித் துறையில் ஒரு படகு அசையாது. ஆண்கள் எல்லாம் கரையில் கிடப்பார்கள். கரையில் கிடக்கிற மீனவனைப் போல ஒரு தொல்லை உலகத்தில் கிடையாது, என் வீட்டுக்காரரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சோற்றில் உப்பில்லை என்பார், உப்பைப் போட்டால் சோறே பிடிக்கவில்லை என்பார், கடைசியில் எதிர்ப்புற டீக்கடையில் போய் உட்கார்ந்து ஊர் வம்பை மெல்லுவார்.

அந்த வாரம் பார்த்தா யாகூத் தன் ஆல்பத்தை வெளியே விட வேண்டும்?

யாகூத் எங்கள் மாடி வீட்டு உம்மு காபரின், அதாவது காபர் அம்மாவின், இளைய மகன். பகலில் படகுப் பட்டறையில் வர்ணம் அடிப்பான். படகுகளின் பக்கவாட்டில் பெயர் எழுதுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. பொழுது சாய்ந்தால் ராப் பாடுவான். "பாடுறானா, மைக்ரோபஸ்ல நின்னுக்கிட்டு ஸ்டாப் பேரைக் கத்துறானா?" என்பார் என் வீட்டுக்காரர். போன குளிர்காலம் முழுக்க நாங்கள் இறால் உரிக்கிற இடத்தில் வந்து உட்கார்ந்து, ஃபோனைத் தொட்டி ஓரத்தில் வைத்துவிட்டுச் சும்மா இருப்பான். அந்தப் பக்கம் ஏதோ ஒரு பெண் இருக்கிறாள், பாவம், எங்கள் சண்டையெல்லாம் அவள் கேட்கிறாளே என்று நாங்கள் நினைத்தோம். பிறகுதான் தெரிந்தது, பயல் எங்கள் சத்தத்தை எல்லாம் பதிவு செய்திருக்கிறான். ஐஸ் உடைக்கிற சத்தம், ஓடு நொறுங்குகிற சத்தம், நான் மூக்கைச் சிந்தியதுகூட விடவில்லை.

ஆல்பத்துக்கு அவன் வைத்த பெயர் "அவங்க பேரு". மொத்தம் எட்டுப் பாட்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் தலைப்பு எங்கள் சந்துப் பெண் ஒருத்தியின் பெயர். மூன்றாவது பாட்டு, நாஹித். அது நான்தான். எனக்கு எழுத்து வாசிக்க வராது. பக்கத்து வீட்டுப் பெண்ணைவிட்டு என் பாட்டை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டேன். மற்றதைக் கேட்க எனக்கு எங்கே நேரம்? குவைத்தில் இருக்கிற என் மகன் ஹிலால் ஃபோன் செய்து, "அம்மா, எங்க ரூம்ல எல்லாப் பயலும் உன் பேரைப் பாடிக்கிட்டுத் திரியுறானுங்கம்மா" என்றான். அவன் சந்தோஷத்தில் சொன்னானா, கோபத்தில் சொன்னானா தெரியாது. எனக்கு வந்தது சந்தோஷம்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்?

ஆனால் எங்கள் பக்கத்து ஆண்பிள்ளை எவனும் தன் தாயின் பெயரை வெளியே விட மாட்டான். பள்ளிக்கூடத்தில் இன்னொருவன் அம்மாவின் பெயரைக் கண்டுபிடித்த பயல் அந்த வருஷம் முழுக்க ராஜா. பெரியவர்களானாலும் அதே கதைதான். சண்டை முற்றினால் "இன்னாள் மகனே" என்று தாயின் பெயரைத் தெருவில் போடுவார்கள். அதற்கு மேல் வசவு கிடையாது, அதற்குப் பிறகு கைதான் பேசும். இந்தப் பயல் என்ன செய்தான் என்றால், ஆல்பத்தில் பாடியவன் பெயர் போடுகிற இடத்தில் "தவ்லத் மகன்" என்று தானே போட்டுக்கொண்டான். தவ்லத் என்பது உம்மு காபரின் பெயர்.

சந்தெல்லாம் தண்ணீர் நின்றதால் அன்றைக்கு நாங்கள் உம்மு காபர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தோம். படகு போகாவிட்டாலும் எங்களுக்கு விடுமுறை இல்லை. வியாபாரி குளிர்கிடங்கில் இருந்து பழைய இறாலைக் கூடை கூடையாய் இறக்கிவிடுவான். அன்றைக்குப் பிடித்த இறாலையாவது கையில் பிடிக்கலாம், இது கல்லாய் உறைந்து கிடக்கும். வெந்நீரில் விரலை நனைத்து நனைத்துத் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகு நரம்பைக் கத்தி முனையால் இழுக்க வேண்டும். அடுப்பில் பருப்புச் சாறு கொதித்துக்கொண்டிருந்தது. புயல் நாளில் எங்கள் வீடுகளில் பருப்பைத் தவிர வேறு வாசனை வராது.

படபடவென்று படியேறி வந்தான் காபர், மூத்தவன். தகப்பன் கடலோடு போனதிலிருந்து வீட்டுக்குத் தலை அவன்தான். படகில் இன்ஜின் பார்க்கிறவன், ஆள் கதவளவு இருப்பான். சட்டைப் பை கிழிந்து தொங்கியது.

"எங்க அவன்?"

"கையக் கழுவிட்டு வா, சாறு ஆறிடும்" என்றாள் உம்மு காபர்.

"சாறும் வேணாம் ஒண்ணும் வேணாம். அவன் எங்கம்மா?"

யாகூத் உள்ளறையில் இருந்து வந்தான். "இங்கதாண்ணே இருக்கேன்."

"டீக்கடைக்குப் போறேன். ஒரு டீ கேக்குறேன். கடைக்காரன் உள்ள பாத்து என்ன குரல் குடுக்குறான் தெரியுமா? 'தவ்லத் மகனுக்கு ஒரு டீ, சக்கரை தூக்கலா!' கடையே சிரிக்குது. நீதாண்டா அவனுங்க வாயில எடுத்துக் குடுத்தே!"

"அடிச்சியாண்ணே?"

"அடிக்காம? நாலு பேரை அடிச்சேன்."

"உன் சட்டையப் பாத்தா அவனுங்க நாலு பேரும் சேந்து அடிச்ச மாதிரியில்ல இருக்கு" என்றேன் நான். வாய் சும்மா இருக்காது எனக்கு.

"சித்தி, நீங்க பேசாதீங்க. உங்க பேரும்தான் அதுல நாறுது."

"நாறட்டுமே. எங்கப்பா ஆசையா வெச்ச பேரு. உள்ளேயே பூட்டி வெச்சு நல்லாப் பூஞ்சை புடிச்சுக் கெடந்துச்சு, இப்பத்தான் வெயில்ல போட்டிருக்கான்."

காபர் என் பக்கம் திரும்பவே இல்லை. தாயைப் பார்த்தான். "அம்மா, நல்லாக் கேட்டுக்க. அஸர் தொழுகைக்கு பாங்கு சொல்றதுக்குள்ள அந்தப் பாட்டெல்லாம் எடுத்துறணும். இல்லன்னா என் பாயைச் சுருட்டிக்கிட்டுப் படகுல போய்ப் படுத்துக்குவேன். வல்லாஹி, அல்லா மேல ஆணையா இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

"நான் பட்டறையில நாளெல்லாம் என்னண்ணே செய்யுறேன்?" என்றான் யாகூத். "பேர் எழுதுறேன். பலகை இத்துப்போன படகுக்கும் ஒரு பேரு. வெளிய அடிக்குதே, இந்தப் புயலுக்கு ஒரு பேரு. நம்மள வளத்து ஆளாக்கினவ பேரை நான் சொன்னா மட்டும் மானம் போயிருமா?"

"பேரு வீட்டுக்குள்ள இருக்கணும்டா!"

"நீ சொல்லி எடுக்க மாட்டேன். அம்மா சொல்லட்டும். அம்மா எடுன்னு ஒரு வார்த்தை சொன்னா இந்த நிமிஷமே எடுத்துறேன்."

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். எடு என்றால் இளையவன் முகம் செத்துப்போகும், போன குளிர்காலத்தில் இருந்து வர்ணம் அடித்த கையோடு உட்கார்ந்து எழுதியிருக்கிறான். எடுக்காதே என்றால் மூத்தவன் போய்விடுவான். அவன் சொன்னால் சொன்னதுதான், அவன் அப்பனைப் போல. பெற்றவளை இப்படி நடுவில் நிறுத்தலாமா? அவள் இன்னும் அந்தப் பாட்டைக் கேட்கவும் இல்லை. சண்டை வரும் என்று தெரிந்து, யார் ஃபோனை நீட்டினாலும் கை ஈரமாயிருக்கிறது என்று தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கூடை முடியட்டும்" என்றாள் உம்மு காபர். கிள்ளினாள், உரித்தாள், நரம்பை இழுத்தாள்.

அதற்குள் டீக்கடைக் கூட்டத்தில் இருந்து ரிஸ்க் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு மாடி ஏறி வந்தான். காபரோடு ஒரே படகில் வலை இழுக்கிறவன். ஆல்பத்தில் அவன் தாய்க்கும் ஒரு பாட்டு இருந்தது. "என்ன காபர், எடுத்தாச்சா இல்லையா?" என்று நிலையில் நின்றபடியே கேட்டான்.

யாகூத் அவனைத் திருப்பிக் கேட்டான். "ரிஸ்க் அண்ணே, பாட்டைக் கேட்டியா?"

"அந்தக் கண்றாவிய நான் எதுக்குக் கேக்கணும்? எங்கம்மாவுக்கும் ஒரு பாட்டு இருக்குன்னு சொன்னானுங்க, போதும். உன்னைச் சின்ன வயசுல தோள்ல தூக்கித் திரிஞ்சேன்னு பாக்குறேன். இல்லன்னா இந்நேரம் உன் பல்லு இந்த இறால் கூடையில கெடக்கும்."

"நீ கேட்டியா காபரண்ணே?"

காபர் கிழிந்த சட்டைப் பையை இழுத்துவிட்டுக்கொண்டான். ஒருவரும் கேட்டிருக்கவில்லை. மானம் போய்விட்டது என்று வந்தவர்களுக்கு அது எந்த வழியாய்ப் போனது என்றுகூடத் தெரியாது. இதுதான் எங்கள் ஆண்பிள்ளைகள்.

அப்போதுதான் படியில் இன்னொரு காலடி கேட்டது. மெதுவாய், மூச்சு வாங்க. முழுக்க நனைந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள் உம்மு ரிஸ்க், ரிஸ்கின் தாய். வலை தைக்கிறவள். முழங்கால் வலியால் ரம்ஜானுக்குக்கூட மாடி ஏறாதவள் அன்றைக்கு ஏறி வந்திருந்தாள்.

"நீ ஏம்மா வந்தே? நான்தான் பேசிக்கிட்டு இருக்கேன்ல. போ வீட்டுக்கு."

"நீ பேசிக் கிழிச்சே. தள்ளு" என்று மகனை முழங்கையால் ஒதுக்கினாள். "எங்கடா அந்தப் பாட்டுக்காரன்?"

யாகூத் முன்னால் வந்தான். அடி விழும் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவனும் நினைத்திருப்பான், கன்னத்தைக் காட்டிக்கொண்டுதான் நின்றான்.

"பேத்தி போட்டுக் காட்டுனா" என்றாள் அவள். "கேட்டேன். துறையில வெயில்ல கால நீட்டி உக்காந்து தைச்சேன்னு சொல்றே, சரி. ஊசி உள்ளங்கையில ஏறுனதச் சொல்றே, அதுவும் சரி. புள்ளத்தாச்சியா இருக்கும்போதும் வலைய விடலேன்னு சொல்றே. நெஞ்சு இப்படி நிமிந்துச்சுடா எனக்கு! என்னை ஒருத்தன் பாத்திருக்கான்னு நெனச்சேன். அப்பறம் பேரைச் சொல்றே. இக்லாஸாம்! யாருடா இக்லாஸ்?"

என் கையில் இருந்த கத்தி நின்றுவிட்டது.

இக்லாஸ் என்பது அவள் புருஷன் பய்யூமியின் முதல் மனைவி. தலைப்பிரசவத்தில் போய்விட்டாள், நல்ல பெண் என்பார்கள். அதற்குப் பிறகுதான் இவள் இரண்டாம் தாரமாக வந்தாள். பய்யூமி உயிரோடு இருந்தவரை ஜன்னலில் இருந்து கத்துவது சந்து முனை வரைக்கும் கேட்கும்: "இக்லாஸ், தண்ணி! இக்லாஸ், வலையக் கொண்டா!" இவள் ஓடுவாள். தவழ்கிற வயசில் இருந்து யாகூத் கேட்டு வளர்ந்தது அந்தக் குரலைத்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன்.

யாகூத்தின் முகம் வெளுத்துவிட்டது. "சித்தி... மாமா உங்கள அப்படித்தானே கூப்பிடுவாரு?"

"கூப்பிட்டாரு. கல்யாணத்துக்கு மறுநாளே கூப்பிட்டாரு. வாய் தவறிருச்சுன்னு நெனச்சேன். சாகுற வரைக்கும் தவறிக்கிட்டேதான் இருந்துச்சு." அவள் செருப்பைக் கீழே போட்டாள். "செத்தவ மேல எனக்கென்ன கோவம்? அல்லா அவளுக்குச் சொர்க்கத்தைக் குடுக்கட்டும். ஆனா வலை தைச்சது நான். அஞ்சு புள்ளையப் பெத்தது நான். அவரோட கடைசிக் காலத்துல பீ மூத்திரம் அள்ளுனது நான். பாட்டு மட்டும் அவளுக்கா?"

"தப்புதான் சித்தி."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்னடா?"

"பேரைக் கேட்டா திட்டுவீங்களோன்னு... வெக்கமா இருந்துச்சு சித்தி."

"பேரைக் கேக்க வெக்கம். ஊரெல்லாம் போட்டுவிட வெக்கமில்ல!"

எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. காபர்கூடச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ரிஸ்க் மட்டும் நட்டுவைத்த கம்பம் போல நின்றான். "அப்ப... பேர் போட்டதுக்கு நீ கோவப்படலயா?"

"போட்டதுக்கு இல்லடா மண்டு, மாத்திப் போட்டதுக்கு. உனக்கும்தான் தெரியும் என் பேரு. உங்கப்பன் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் பக்கத்துலதானே உக்காந்திருப்பே? ஒரு நாளாவது, 'அப்பா, அது அம்மா பேரு இல்ல'ன்னு சொன்னியா? அன்னைக்கு வராத ரோஷம் இன்னைக்கு எங்கிருந்துடா வந்துச்சு?"

கூட வந்த இரண்டு பேரும் சத்தமில்லாமல் படியிறங்கிப் போய்விட்டார்கள்.

"வஹீபா" என்றாள் அவள் யாகூத்திடம். "வஹீபான்னு பாடு. இப்பவே பாடு. நான் கேட்டுட்டுத்தான் கெளம்புவேன்."

"பேரை மட்டும் நீங்களே சொல்லுங்க சித்தி. உங்க குரல்லயே இருக்கட்டும்" என்று யாகூத் ஃபோனை எடுத்து நீட்டினான். அவள் முக்காட்டைச் சரி செய்தாள். படம் எடுக்கப் போகிறவளைப் போல நிமிர்ந்து நின்று, ஒரு தடவை செருமிவிட்டுச் சொன்னாள்: "வஹீபா." ஜன்னல் கண்ணாடி காற்றில் கடகடவென்று ஆடியது. "காத்து சத்தம் விழுந்திருக்கும், இன்னொரு தடவை எடு" என்று அவளே சொன்னாள். இரண்டாம் தடவை முதல் தடவையைவிடச் சத்தமாய்ச் சொன்னாள்.

உம்மு காபரின் கூடை முடிந்திருந்தது. அவள் எழுந்து போய் எலுமிச்சைத் தோலைப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். முக்காட்டு நுனியில் துடைத்துக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"என்னோடதப் போடு."

"அம்மா..." என்றான் காபர்.

"நீயும் உக்காரு. கேட்டுட்டுப் போறதுன்னா போ."

யாகூத் போட்டான். முதலில் ஐஸ் உடைகிற சத்தம், அதன் மேல் எங்கள் கத்திச் சத்தம். அந்தச் சத்தமே தாளமாய் மாறியது. பிறகு அவன் குரல், கத்தல் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது மாதிரி:

"தவ்லத் கிள்ளுறா, தவ்லத் உரிக்குறா,
விரல் மரத்தாலும் மறு கூடை இழுக்குறா.
இறாலு கப்பலேறி வெள்ளைத் தட்டுல சிரிக்குது,
அதோட தலை மட்டும் எங்க சட்டியில கொதிக்குது.
வீட்டுக்கு ஆம்பள யாருன்னு வாசல்ல கேட்டான் ஒருத்தன்,
ஈரக் கையோட வந்து நின்னா, பாத்துட்டுத் திரும்பிட்டான் அவன்."

முடிந்ததும், "இறால் தலையத்தான் நாம தின்னோம்னு ஊருக்குச் சொல்லணுமாடா?" என்று கேட்டாள். அவளுக்கு வெட்கம் வந்தது அந்த இடத்தில்தான், பெயரில் இல்லை.

"அத எடுத்துறவாம்மா?"

கொஞ்சம் யோசித்தாள். "வேணாம். தின்னோம்ல. இருக்கட்டும். ஒண்ணையும் எடுக்காத."

காபர் எழுந்தான். கண் சிவந்திருந்தது. "அப்ப நான் கெளம்புறேம்மா. அவன் உன்னத் தப்பாச் சொல்லல. நானும் கேட்டேன். ஆனா துறையில எம் முகத்துல அடிக்கிற மாதிரி சொல்லுவானுங்க. பேரு வீட்டுக்குள்ள இருக்கணும்மா."

"வீட்டுக்குள்ள எங்கடா இருந்துச்சு?" என்றாள் உம்மு காபர். அவள் குரல் உயரவே இல்லை. "யாரு கூப்பிட்டா? உங்கப்பா, காபர் அம்மான்னாரு. சந்துல உம்மு காபர். வியாபாரி, ஏ பொம்பளன்னான். நீ பொறக்குற வரைக்கும் நான் தவ்லத். நீ பொறந்த அன்னைக்கு எம் பேரு போச்சு, உம் பேரு வந்துச்சு. ஒரு நாள் மொகம் சுளிச்சிருக்கேனா? பெருமையாத்தான் தூக்கித் திரிஞ்சேன். இவ்வளவு காலம் நான் உம் பேரச் சுமந்தேன்டா காபர். எம் பேர நீ கொஞ்ச நாள் சுமக்க மாட்டியா?"

பருப்புச் சாறு பொங்கி அடுப்பில் வழிந்தது, நான் போய் இறக்கிவைத்தேன். பாங்கு சொல்ல ஆரம்பித்தார்கள், காற்றில் பாதிதான் கேட்டது.

அவள் மகனின் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "இத்தன பேரு சாப்பிடணும், ரொட்டி பத்தாது. நீ கீழ போறதுன்னா ரொட்டி வாங்கிக் குடுத்துட்டுப் போ" என்று துணிப்பையை அவன் கையில் திணித்தாள். காபர் பையைப் பார்த்தான், தம்பியைப் பார்த்தான், இறங்கிப் போனான்.

ரொட்டிக்கடைக்கு டீக்கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். நாங்கள் எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினோம், வஹீபா முழங்கால் வலியை மறந்து முதல் ஆளாய் நின்றாள். உம்மு காபர் மட்டும் வரவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கழுவின தொட்டியையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

காபர் கணுக்கால் தண்ணீரில் நடந்து போனான். டீக்கடைப் படுதாவுக்குள் இருந்து ஒரு குரல் வந்தது, சிரிப்போடு, நீட்டி நீட்டி:

"ஏய்ய்... தவ்லத் மகனே!"

காபர் நின்றுவிட்டான். "ஐயோ, இன்னைக்குக் கொலை விழுந்துரும்" என்று ரிஸ்க் படியை நோக்கி ஓடினான். வஹீபா அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

காபர் திரும்பினான். மழை முகத்தில் அடித்தது, துடைக்கவில்லை. டீக்கடைக்கு முன்னால் போய் நின்று படுதாவை ஒரு கையால் ஒதுக்கினான். சந்து முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னான்:

"ஆமா. தவ்லத் மகன்தான். என்ன வேணும், சொல்லு."

கடைக்குள் சிரிப்பு நின்றுவிட்டது. அவன் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று பதிலுக்குக் காத்திருந்தான். பிறகு படுதாவை விட்டுவிட்டு, பையை ஆட்டிக்கொண்டு ரொட்டிக்கடைப் பக்கம் போனான். போகிற போக்கில் எங்கள் மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்து, "எத்தனை ரொட்டி?" என்று கத்தினான்.

யாகூத் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, பத்து விரலையும் விரித்துக் காட்டினான். அவன் கன்னமெல்லாம் ஈரம்.

தவ்லத் தொட்டியை விட்டு எழுந்து வந்தாள். "என்னடி சொன்னான் அவன்? தண்ணி சத்தத்துல எனக்குச் சரியாக் கேக்கல."

கேட்டது என்று அவள் முகமே சொன்னது. இருந்தாலும் சொன்னோம். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள், சொன்னோம்.